லயனல் வென்ட்டும் பேரில்லாத ஆட்டக்காரரும்

சம்மாந்துறையில் எங்கள் மூத்தம்மாவின் தங்கச்சி வீட்டு அலுமாரியில் ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ கிடக்கிறது. எட்டு ஆண்கள். சாரனை மடித்துக் கட்டி, தலையில் லேஞ்சி சுற்றி, கையில் ரெண்டு ரெண்டு கம்பு. கலியாண வீட்டு முற்றத்தில் எடுத்த பொல்லடிப் படம் அது. ஒருத்தர் குனிந்து கம்பை அடிக்க எதிரில் நிற்பவர் மேலிருந்து ஏந்துகிறார். கம்பு அசைந்ததில் அந்த இடம் மட்டும் மங்கிப் போயிருக்கிறது. பின்பக்கம் திருப்பினால் ஸ்டூடியோ முத்திரை பாதி அழிந்து நிற்கிறது. பேர் எதுவும் இல்லை.

"இவங்க ஆரு?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஆருக்கு மகள் ஞாபகம் இரிக்கி" என்றார்.

இந்தப் படம் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் அது சம்மாந்துறையில் இருந்ததுதான். கல்முனைக்குடி வீட்டில் இருந்த ரெண்டு அல்பங்களும் 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடலோடு போய்விட்டன. நம்ம கரையில் இது புதுக்கதை இல்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல் உயிர்கள் போன நாளில் போட்டோ போனதைப் பற்றி ஆர் பேசப்போகிறார்கள்? ஆனால் அன்றைக்குப் பிறகு மருதமுனையில், சாய்ந்தமருதில், பாண்டிருப்பில் எத்தனையோ வீடுகளுக்குப் பழைய முகங்களைப் பார்க்க ஒரு படம்கூட இல்லாமல் போனது உண்மை.

அந்தப் பொல்லடிப் படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு லயனல் வென்ட் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தார். கொழும்பில் நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்கு 'லயனல் வென்ட்' என்றால் ஒரு மண்டபம். கில்போர்ட் கிரசண்டில் இருக்கிறது. அது ஒரு மனிதனின் பேர் என்றே பலருக்குத் தெரியாது. எனக்கும் ரொம்ப நாள் தெரியாது.

வென்ட் 1900 டிசம்பர் 3ஆம் திகதி கொழும்பில் பிறந்தவர். தகப்பன் ஹென்றி லோரன்ஸ் வென்ட், உயர் நீதிமன்ற நீதிபதி, பறங்கியர். தாய் டி சேரம் குடும்பத்துச் சிங்களப் பெண். பணத்துக்கோ பேருக்கோ குறைவில்லாத வீடு. தகப்பன் 1911இலும் தாய் 1918இலும் இறந்துபோக, அடுத்த வருஷமே பொடியன் லண்டனுக்குக் கப்பலேறினார், சட்டம் படிக்க. இன்னர் டெம்பிளில் சட்டம் படித்தார்தான். ஆனால் அதே காலத்தில் ரோயல் அக்கடமி ஒஃப் மியூசிக்கில் ஒஸ்கார் பெரிங்கர் என்ற ஆசிரியரிடம் பியானோவும் படித்தார். 1924இல் திரும்பி வந்து கொஞ்சக் காலம் வழக்கறிஞர் அங்கி போட்டுப் பார்த்தார். சரிவரவில்லை. கழற்றி வைத்துவிட்டுப் பியானோவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நம்ம வீடுகளில் ஒரு பிள்ளை இப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று யோசிக்காமல் இந்த வரியைக் கடக்க என்னால் முடியவில்லை. தகப்பன் விட்டுப்போன சொத்து இருந்தது அவருக்கு. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பியானோவில் தொடங்கியவர் அங்கேயே நிற்கவில்லை. ஐரோப்பாவின் புது இசையைக் கொழும்புக்காரருக்கு வாசித்துக் காட்டினார். ஓவிய விமர்சனம் எழுதினார். ஜோர்ஜ் கீட்டின் ஓவியங்களை ஊர் சிரித்த காலத்தில் தூக்கிப்பிடித்தார். 1930களின் தொடக்கத்தில் கமராவைத் தீவிரமாகக் கையிலெடுத்தார். 1934இல் இலங்கைப் புகைப்படச் சங்கம் தொடங்கியபோது முன்னின்றவர்களில் ஒருவர். நாலு வருஷத்தில், 1938இல், லண்டன் கமரா கிளப்பில் தனிக் கண்காட்சி. வேகம் என்றால் அப்படி ஒரு வேகம்.

அவருடைய இருட்டறை வேலையைக் கொஞ்சம் சொல்ல வேணும், ஏனென்றால் இன்றைக்குப் போனில் 'பில்டர்' போடுகிற நமக்கு அது விளங்கும். படத்தை மருந்தில் கழுவிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு கணம் வெளிச்சத்தைப் போட்டால், கறுப்பும் வெள்ளையும் சில இடங்களில் இடம் மாறும். உருவத்தின் விளிம்பில் யாரோ பென்சிலால் கீறியது போல ஒரு கோடு விழும். பாரிஸில் மேன் ரே இதை வைத்து விளையாடிக்கொண்டிருந்த அதே காலத்தில் வென்ட் கொழும்பில் செய்தார். ரெண்டு மூன்று நெகட்டிவ்களை ஒன்றாய் அடுக்கி அச்சிட்டார். கமராவே இல்லாமல், தாளின் மேல் பொருளை வைத்து வெளிச்சம் காட்டி நிழலைப் பிடித்தார். இவ்வளவு வித்தை தெரிந்தவர், அதிகமாக எடுத்தது என்ன தெரியுமா? மீனவர், மரம் ஏறுகிறவர், வயலில் வேலை செய்கிறவர், பெண்கள், பொடியன்கள். பிறகு ஆட்டக்காரர்கள்.

ஆட்டத்துக்கு அவர் வந்த வழி சுவாரஸ்யமானது. அவர் ஆடவில்லை. ஆனால் ஒரு பியானோக்காரனின் காது கண்டித் தவிலான கெட்ட பெரயைக் கேட்டதும் சும்மா இருந்திருக்காது என்று நினைக்கிறேன். கண்டிக்குப் போனார், ஆட்டக்காரருடன் பழகினார், பண உதவி செய்தார், படமெடுத்தார், கொழும்பின் கலைக் கூட்டத்துக்கு அவர்களைப் பற்றிச் சொன்னார். அப்போது 'சோங் ஒஃப் சிலோன்' என்ற படம் வந்தது.

1934ஆம் வருஷத்துப் படம் அது. இயக்கியவர் பசில் ரைட் என்ற ஆங்கிலேயர், தயாரித்தவர் ஜோன் கிரியர்சன். காசு தேயிலைப் பிரசாரத்துக்காக வந்த காசு. இலங்கைத் தேயிலையை உலகத்துக்கு விற்க எடுத்த விளம்பரம் என்று வையுங்களேன். ஆனால் ரைட் எடுத்துக்கொண்டு போனது வேறொன்று. புத்தர் சிலை, யாத்திரை போகும் சனம், வயல், கடைசியில் கண்டி ஆட்டம். அடுத்த வருஷம் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் முதல் பரிசும் கிடைத்தது. ரைட்டுக்கு நாட்டைக் காட்டியதில் வென்ட்டுக்குப் பெரிய பங்கு. படத்தில் நாம் கேட்கும் குரலும் வென்ட்டுடையதுதான். அவர் வாசிப்பது றொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட புத்தகத்தின் பகுதிகள். நொக்ஸ் கண்டி அரசனிடம் பிடிபட்டு இருபது வருஷத்துக்குக் கிட்ட இந்த நாட்டில் கைதியாய் இருந்தவர். பிடிபட்ட இடம் எது என்று கேட்டால் நம்ம கிழக்குக்காரர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்: மூதூர்ப் பக்கம், கொட்டியாரக் குடா.

படத்தின் கடைசிப் பகுதியில் ஆட்டக்காரர்கள் 'வெஸ்' என்ற வெள்ளித் தலையணியோடு வருகிறார்கள். உடம்பு சுழல்கிறது, கமரா அதோடு போகிறது. இன்றைக்கும் பார்க்கையில் உடம்பு சிலிர்க்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தேயிலைப் படம் ஒன்றில் தேயிலை பறிக்கும் மலையகத் தமிழர் கொஞ்ச நேரமே தலைகாட்டிப் போகிறார்கள் என்பதும் அடுத்த மூச்சிலேயே ஞாபகம் வருகிறது. நாடு என்று எதைக் காட்டுவது என்று யாரோ தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தில் ஒரு பகுதி கமராக்காரனுடைய கண்.

கண்டி ஆட்டம் அதற்கு முன்னும் வெளிநாடு போயிருக்கிறது. எப்படிப் போனது என்பதுதான் கவலையான விஷயம். 1880களில் கார்ல் ஹாகன்பெக் என்ற ஜேர்மன் மிருக வியாபாரி, யானைகளோடு சேர்த்து இலங்கை மனிதர்களையும் ஐரோப்பிய நகரங்களுக்குக் கொண்டுபோய்க் காட்சி வைத்தார். அந்தக் கூட்டத்தில் ஆட்டக்காரரும் இருந்தார்கள். ஊரில் அவர்கள் பெரவா சாதியினர். பறை முழக்குவதும் 'கொஹொம்பா கங்காரிய' போன்ற இரவிரவாய் நடக்கும் சாந்திச் சடங்குகளில் ஆடுவதும் அவர்களின் பரம்பரை வேலை. ஆட்டம் மதிக்கப்பட்டது, ஆடினவர் மதிக்கப்படவில்லை.

ஆட்டத்தின் மதிப்பு உயர்ந்தது 1930களில். வென்ட் தனியாய் அதைச் செய்யவில்லை. 1934இல் தாகூர் தன் 'சாப்மோசன்' நாடகத்தோடு கொழும்புக்கு வந்தார். கண்டி ஆட்டத்தைப் பார்த்து மயங்கினார். சித்திரசேன என்ற இளைஞன் 1936இல் மேடையேறினான். கிராமத்துக் குருமாரிடம் கற்று, பிறகு திருவிதாங்கூரில் குரு கோபிநாத்திடமும் சாந்திநிகேதனிலும் படித்து, கண்டி ஆட்டத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர். கடலுக்கு அந்தப் பக்கம், மதராஸிலும் அதே ஆண்டுகள்தான். தேவதாசிகளின் சதிர் பரதநாட்டியமாகி உயர்சாதி வீட்டு மேடைக்கு ஏறிய காலம்; ருக்மணி தேவி கலாக்ஷேத்திராவைத் தொடங்கியது 1936இல். ரெண்டு கரையிலும் ஒரே கேள்வி: ஆட்டம் ஏறுகிறது, ஆடி வந்த பரம்பரையும் சேர்ந்து ஏறுகிறதா?

1948க்குப் பிறகு கண்டி ஆட்டம் பாடசாலைப் பாடமாகி, அரச விழாக்களின் முன்வரிசைக்கு வந்து, 'தேசிய நடனம்' ஆனது. வெஸ் போட்ட ஆட்டக்காரனின் உருவம் உல்லாசப் பயணச் சுவரொட்டியில், விமானத்தில், எங்கெங்கும். அந்த உருவத்தை முதலில் அழகாக வார்த்துக் கொடுத்தவர்களில் வென்ட் ஒருவர். அவர் நினைத்துச் செய்தது இது என்று சொல்ல மாட்டேன். கலைஞன் எடுத்த படத்தை அரசு தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதற்குக் கலைஞனின் சம்மதம் தேவைப்படுவதில்லை.

சரி, வென்ட்டின் ஆட்டக்காரர் படங்களுக்கு வருவம். ஒரு நூலகத்தில் அந்தப் படங்கள் இருந்த புத்தகத்தை முதல் தடவை பிரித்தபோது நான் பக்கம் திருப்பவே மறந்தேன். வியர்வையில் மின்னும் முதுகு. விலா எலும்பின் நிழல். தலையணியின் சங்கிலிகள் முகத்தில் விழுந்து முகம் பாதி மறைந்திருக்கும். அந்த உடம்புகள்மேல் அவருடைய கண் ஆசையோடு தங்கி நிற்கிறது. ஆண் உடலை அவர் பார்த்த விதம் பற்றிப் பின்னால் வந்த விமர்சகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆட்சியாளனின் கமரா இலங்கையரை 'வகை' பார்த்து நிற்க வைத்து எடுத்த காலம் அது: 'தமிழ்ப் பெண்', 'சோனக வியாபாரி', 'ரொடியாப் பெண்' என்று தபாலட்டைகள் விற்ற காலம். அதோடு ஒப்பிட்டால் வென்ட்டின் படங்களில் மனிதன் மனிதனாக இருக்கிறான். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் இன்றைக்கு அருங்காட்சியகங்களிலும் ஏல நிறுவனங்களின் பட்டியல்களிலும் அந்தப் படங்களில் பலவற்றின் கீழே என்ன எழுதியிருக்கிறது? 'தலைப்பிடப்படாதது'. அடைப்புக்குறிக்குள் 'ஆட்டக்காரர்'. எடுத்தவனின் பேர் பெரிய எழுத்தில். நித்தவெல குணயா, நித்தவெல உக்குவா, அமுனுகம சுரம்பா போன்றவர்களின் பேர்கள் நமக்குத் தெரிவது பெரும்பாலும் ஆட்டத்தைப் பற்றி எழுதியவர்களால். பெரில் டி சோட் என்ற பெண் 1957இல் வெளியிட்ட புத்தகம் அதில் முக்கியமானது. படத்தில் இருக்கும் மற்றவர்கள் முதுகாகவும் தோளாகவும் நின்றுவிட்டார்கள்.

பேர் இல்லாமல் போவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வென்ட்டின் வட்டத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. பப்லோ நெருதா 1929இலிருந்து கொஞ்சக் காலம் கொழும்பில் சிலி நாட்டுத் தூதரக அதிகாரியாய் இருந்தார், வெள்ளவத்தையில் குடியிருந்தார். வென்ட்டின் நண்பர். நெருதா இறந்த பிறகு 1974இல் வந்த நினைவுக் குறிப்பில் வென்ட்டைப் பற்றிப் பாசத்தோடு எழுதியிருக்கிறார். அதே புத்தகத்தில், வீட்டுக் கழிவு வாளியை அகற்ற வந்த ஒரு தமிழ்ப் பெண்ணைத் தான் பலவந்தப்படுத்தியதையும் அவரே எழுதியிருக்கிறார். அவளை ஒரு சிலையோடு ஒப்பிட்டிருக்கிறார். அவள் பேர் அந்தப் புத்தகத்தில் இல்லை. நெருதாவின் குற்றத்தை வென்ட்டின் தலையில் கட்ட எனக்கு விருப்பமில்லை, அது அநியாயம். ஆனால் அழகை ரசிக்கத் தெரிந்த அந்தக் கொழும்பில், உழைக்கிற உடம்பு சிலையாகத் தெரிவது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதை அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு மறக்க முடியவில்லை. அந்தக் கவிஞரின் காதல் கவிதைகளைத் தமிழில் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தவர்கள்தானே நாம்.

வென்ட்டின் கடைசி வருஷங்கள் வேகமாய் முடிந்தன. 1943 ஓகஸ்ட் 29ஆம் திகதி அவருடைய வீட்டில் ஓவியர்கள் கூடி '43 குழு'வைத் தொடங்கினார்கள். ஐவன் பீரிஸ், ஜோர்ஜ் கீட், ஜஸ்டின் தெரணியகல, ஹரி பீரிஸ், மஞ்சுஸ்ரீ என்று இலங்கை நவீன ஓவியத்தின் பெரிய பேர்கள். அடுத்த வருஷம் டிசம்பர் 19ஆம் திகதி வென்ட் மாரடைப்பால் இறந்தார். 44 வயது. அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. மிஞ்சியது அவர் கையால் அச்சிட்ட படங்கள் மட்டும். நண்பர்கள் அவற்றிலிருந்து தேர்ந்து 1950இல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். 1953 டிசம்பரில் அவர் வீடு இருந்த இடத்தில் கட்டிய அரங்கு, கோர்க்கியின் 'கீழ்த்தளங்கள்' நாடகத்தோடு திறந்தது.

நெகட்டிவ்கள் போனாலும் அவரை ஞாபகம் வைத்துக்கொள்ள நண்பர்கள் இருந்தார்கள். நிலம் இருந்தது, காசு இருந்தது, அச்சகம் இருந்தது. நம்ம கரையில் அல்பங்கள் போனபோது என்ன இருந்தது?

எழுத்து இருந்தது, அதைச் சொல்லத்தான் வேணும். இந்தக் கரை பேரில்லாத கரை இல்லை. நுஃமான் கல்முனைக்குடிக்காரர், மருதூர்க்கொத்தன் மருதமுனைக்காரர், நீலாவணன் பெரியநீலாவணையை ஊராகவும் பேராகவும் கொண்டவர். சாய்ந்தமருது எஸ்.எச்.எம். ஜெமீல் கிராமத்துக் கவிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். எழுதினவனின் பேர் புத்தகத்தின் அட்டையில் நிற்கிறது. ஆடினவன் பேர் எங்கே நிற்கும்?

பக்கத்தில் மட்டக்களப்புக் கூத்துக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம் இருந்தது. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைக் கையிலெடுத்தார், 'இராவணேசன்' மேடையேறியது, மௌனகுரு போன்றவர்கள் அதையே வாழ்நாள் வேலையாக்கினார்கள். அண்ணாவிமாரின் பேர்கள் பதிவாகின. முஸ்லிம் ஊர்களின் பொல்லடிக்கு, சீனடி சிலம்படிக்கு, பக்கீர் பாவாக்களின் றபானுக்கு அந்த அளவுக்கு ஒரு பல்கலைக்கழகப் பாதை விழவில்லை. பொல்லடி (களிகம்பு என்றும் சொல்வோம்) சுலபமான ஆட்டமும் இல்லை. ஜோடி ஜோடியாய் வட்டத்தில் நின்று, அண்ணாவியாரின் பாட்டு வேகம் கூடக் கூட, எதிரில் இருப்பவனின் கம்பையும் பக்கத்தில் இருப்பவனின் கம்பையும் மாறி மாறிச் சந்திக்க வேண்டும். ஒருத்தன் பிசகினால் அடுத்தவனின் விரல் போகும். கலியாண வீட்டில், சுன்னத்து வீட்டில், பெரிய மனிசரை ஊருக்குள் கூட்டிவரும்போது ஆடுவார்கள். இன்றைக்கு அது அரசாங்கக் கலை விழாவில் 'முஸ்லிம்களின் கலாசார நடனம்' என்று சில நிமிஷம் வந்து போகிறது. கண்டி ஆட்டம் நாட்டின் முகமாக, பொல்லடி நாட்டின் பன்முகத்துக்கு ஆதாரமாக.

வெளியே மட்டும் குற்றம் சொன்னால் போதாது. ஆட்டம் மார்க்கத்துக்கு ஆகுமா, போட்டோ ஆகுமா என்ற கேள்விகள் கடந்த சில பத்தாண்டுகளில் நம்ம வீடுகளுக்குள்ளும் பலமாக வந்தன. படங்களைச் சுவரிலிருந்து இறக்கி வைத்த வீடுகள் எனக்குத் தெரியும். அதில் விவாதிக்க இடமிருக்கிறது, விவாதிப்போம். ஆனால் இறக்கி வைத்த படத்தின் பின்னால் பேரை எழுதி வைப்பதை எந்தக் கேள்வியும் தடுக்கவில்லை. பெண்களின் பக்கம் இன்னும் மோசம். வயலில், தொட்டிலடியில், கலியாண வீட்டின் உள்ளறையில் அவர்கள் பாடின கவிகளுக்குப் படமும் இல்லை, பேரும் இல்லை. புத்தகத்தில் ஏறியவற்றுக்குக் கீழேயும் 'நாட்டார் பாடல்' என்று போட்டு முடித்துவிடுகிறோம். ஏதோ நாடே எழுந்து நின்று பாடினது மாதிரி.

இப்போது நம்மிடம் கமராவுக்குப் பஞ்சமில்லை. போன கொடியேற்றக் காலத்தில் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியடியில் நின்று பார்த்தேன்: றபான் அடித்த பாவாவைச் சுற்றி நாற்பது போன்கள் இருக்கும். அன்றிரவே ரீல்ஸில் வந்துவிட்டது. பின்னணி இசை மாற்றியிருந்தார்கள், ஒரு பில்டர் போட்டிருந்தார்கள். எடுத்தவரின் பேர் மூலையில் நீர்க்குறியாய் இருந்தது. அடித்தவரின் பேர் இல்லை. நானும் ஒன்று எடுத்து வைத்திருந்தேன், நானும் கேட்கவில்லை.

போன மாதம் அந்த எட்டுப் பேரின் படத்தைப் பெரிதாக்கி அச்சிட்டுக்கொண்டு சம்மாந்துறைக்குத் திரும்பப் போனேன். அங்கிருந்து ஒரு வயசாளியிடம் அனுப்பினார்கள். அவரும் ஒரு காலத்தில் பொல்லடித்தவராம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். குனிந்து நின்றவரில் விரலை வைத்தார். பேரைச் சொன்னார், பிறகு வாப்பாவின் பேர், பிறகு வீடு இருந்த இடம். ஐந்தாவது ஆளில் நின்றுவிட்டார். "இவன்ட அடி எனக்குத் தெரியும் மகள், கம்பைப் பிடிக்கிற பிடியைப் பாருங்க, இடக்கைக்காரன். பேர்தான் வருகுதில்ல."

நாலு பேர் கிடைத்திருக்கின்றன. பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதி, ஐந்தாவது இடத்தில் 'இடக்கைக்காரர்' என்று போட்டிருக்கிறேன். மற்ற மூன்று பேருக்காக அடுத்த வெள்ளி ஜும்மாவுக்குப் பிறகு நிந்தவூருக்குப் போக வேண்டும். அங்கே ஒருவருக்குத் தெரிந்திருக்கலாம் என்று அவர் சொன்னார்.